செஞ்சிக்குப் போன கதை

ஒட்டுசுட்டான்

டேய் மச்சான்,

நான் பதில் போடுறேல்லை எண்டு என்ர மனுசியிட்டயே கோள் சொன்னனியாம். உயிரோடதான் இருக்கிறன். அம்மா சுகம், உன்னைக் கேட்டவ. காலபோகம் பரவாயில்லை, நெல்லு விலை வழமைபோலதான்.

விசயம் இதுதான்: செஞ்சிக்கோட்டையைப் பார்த்திட்டன்! திருவண்ணாமலையில மனுசிக்கு ஒரு நேர்த்தி. பலாலியில ஏறிச் சென்னையில இறங்கி ஒரு வான் பிடிச்சு ரோட்டால போகேக்க, திண்டிவனம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில பாறையாக் குவிஞ்ச மலையளைக் கண்டன். உடன நிப்பாட்டச் சொல்லிட்டன். பள்ளிக்கூட நாடகத்தில தேசிங்குராசனைச் சுமந்த குதிரை ஆரெண்டு மறந்திட்டியே? பாராசாரி இப்பவும் நொண்டுதோ?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூண்டையும் ஒரே மதிலால வளைச்சிருக்கினம். ராஜகிரி 800 அடிக்குக் கிட்ட வரும். உச்சிக்குக் கிட்டப் பாறை பிளந்து கிடக்கு, கடக்க ஒரு பாலம். அதை எடுத்திட்டா எந்தப் பட்டாளமும் உள்ள வரேலாது. குரங்கு மட்டும் வரும். என்ர தண்ணிப்போத்தல் அதிட்டத்தான்.

கீழ, அரண்மனை இருந்த இடத்தில அத்திவாரம்தான் மிச்சம். கலியாண மகால் மட்டும் கூம்புக் கூரையோட அடுக்கடுக்கா நிக்குது. சனம் முழுக்க அங்கதான் படம் எடுக்குது. நான் நெற்களஞ்சியத்துக்குள்ள போயிட்டன். தடிச்ச சுவர், வளைஞ்ச கூரை, வௌவால் மணம். ஃபோன் வெளிச்சத்தில பார்த்து, எத்தினை மூட்டை கொள்ளும், எத்தினை சனத்துக்கு எத்தினை மாதம் காணும் எண்டு கணக்குப் போடத் தொடங்கிட்டன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய். கடைசிச் சண்டைக்க மாத்தளனில ரின்பேணியால அரிசி அளந்த கை சும்மா இருக்குமே?

தேசிங்கு 1714 இல ஆற்காட்டு நவாப்பின்ர படையோட மோதிச் செத்தவன், அவனைப் பாடுறாங்கள். ஆனா அதுக்கு முந்தி 1690 இல முகலாயப்படை வந்து சுத்தி வளைச்சு, 1698 இலதான் கோட்டையைப் பிடிச்சது. அதுக்குள்ள மராட்டிய ராசா ராஜாராம் தப்பிப் போயிட்டான். சரி, ராசா போயிட்டான். களஞ்சியத்துக்குக் காவல் நிண்டவன்? மலைக்குத் தண்ணி சுமந்தவள்? அதுகள் என்ன திண்டதுகள், எங்க போனதுகள்? அதை ஆரடா எழுதினது?

அடிவாரத்தில ஒரு குளம் இருக்கு. பேர் செட்டிகுளம், சண்டை முடிய எங்களை முகாமில வைச்சிருந்த ஊரின்ர அதே பேர். மனுசி கொஞ்ச நேரம் கதைக்கவேயில்லை. எனக்கு முகாமில தண்ணிப் பவுசருக்கு நிண்ட வரிசைதான் கண்ணுக்குள்ள வந்தது.

2025 இல உலக மரபுரிமைப் பட்டியலில சேர்ந்த 12 மராட்டியக் கோட்டையளில தமிழ்நாட்டில இருக்கிறது இது ஒண்டுதான். நாங்களும் 1803 இல வன்னி ராசா பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனிட்ட இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சவன் எண்டு மேடையில கத்துறம். அந்த இடத்தைக் காட்டச் சொன்னா எத்தினை பேர் காட்டுவினம்? ஆவணியில வாறாய்தானே, கற்சிலைமடுவில இருக்கிற அவன்ர நடுகல்லடிக்கு உன்ர பெடியனையும் கூட்டிக்கொண்டு போவம்.

வரேக்க முழங்காலுக்குப் பூசுற அந்தக் களிம்பு கொண்டுவா. மலை இறங்கினதில இருந்து படியைக் கண்டாலே கோவம் வருது. குகன் மாஸ்டர் அந்தக் காசு இன்னும் வரேல்லையாம் எண்டு என்னைப் பிடிச்சு ஆய்க்கினை குடுக்கிறார். நீயே அவரோட கதை, எனக்கேலாது.

உன்ர,
பாலன்