புகார்: டர்ன்டேபிளில் இடது பக்க இரைச்சல், சிங்கப்பூர் உபி வட்டாரச் சேவை மையத்துக்கு இரண்டு முறை வீண் அலைச்சல்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. நீங்கள் தமிழ் படிப்பவர் என்று உங்கள் கடையில் ஒரு பெண் சொன்னார் (என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்). அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடந்த அக்டோபர் 11ஆம் தேதி உங்கள் கடையில் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் சேர்த்து 1,480 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டும் உங்கள் தயாரிப்புதான். ஜோடியாகவே செய்தது, கண்ணை மூடிக்கொண்டு இணைக்கலாம் என்றார் விற்பனையாளர். இணைத்தேன். அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகளில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை முதலில் போட்டேன். வலது ஸ்பீக்கரில் நாகசுரம். இடது ஸ்பீக்கரில் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். தவிலில் அடி விழும்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) பிதுங்கி வெளியே வந்து படபடக்கிறது. அது மோனோ தட்டு ஐயா, இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரவேண்டும்.

தொலைபேசியில் முதலில் தட்டைக் குறை சொன்னார்கள். அடுத்த முறை ஊசி. அதற்கடுத்த முறை என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வயரிங். சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினேன், இரைச்சல் அடுத்த ஸ்பீக்கருக்குப் போனது. அப்படியென்றால் ஸ்பீக்கரில் குறை இல்லை. டர்ன்டேபிளிலிருந்து ஆம்புக்குள் போகும் ஆர்சிஏ வயர்களில் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகினேன், இரைச்சலும் வலது பக்கம் போனது. ஆம்பும் தப்பித்தது. புது வயர் போட்டும் மாற்றம் இல்லை. கடைசியில் டர்ன்டேபிளின் பின்னால், அதுவரை ஃபோனோவில் இருந்த ஃபோனோ, லைன் ஸ்விட்சை லைனுக்குத் தள்ளி, ஆம்பில் சிடி துளையில் செருகினேன். இரண்டு பக்கமும் சுத்தமாகப் பாடியது! ஊசியில் குறை இருந்தால் அங்கேயும் இரைந்திருக்குமே. மிச்சம் இருப்பது அந்தக் குட்டி ஸ்விட்ச் ஒன்றுதான். லைன் பக்கம் டக்கென்று உட்காருகிறது, ஃபோனோ பக்கம் தள்ளினால் கொழகொழவென்று இருக்கிறது.

இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கை. ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ பகுதி அதை 100 மடங்கு போலப் பெருக்கி, தட்டில் குறைத்துப் பதிந்திருக்கும் அடித்தள (பேஸ்) ஒலியையும் தூக்கிவிடுகிறது. ஸ்விட்சை லைனில் வைத்தால் டர்ன்டேபிளே பெருக்கி அனுப்பும். ஃபோனோவில் வைத்தால் டர்ன்டேபிளுக்குள் இருக்கும் அந்தப் பகுதி விலகி, ஆம்பில் இருப்பது மட்டும் வேலை செய்ய வேண்டும். இடது பக்கம் விலகவில்லை. அதனால் இரண்டு தடவை பெருக்கி, அடித்தளத்தையும் இரண்டு தடவை தூக்கினால் ஆம்ப் என்ன செய்யும், கதறத்தான் செய்யும். உங்கள் ஆட்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. பார்க்க மனசில்லை, அவ்வளவுதான்.

உபிக்கு வருகிறேன். முதல் முறை டர்ன்டேபிளைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்தேன், பீஷானில் மாறி, மெக்பர்சனில் மாறி. ஆம்பும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? மறு வாரம் விடுப்பு எடுத்து, இரண்டையும் டாக்சியில் ஏற்றி, கொட்டுகிற மழையில் வந்தேன். அங்கே இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தார்கள்! டர்ன்டேபிளை லைனில் வைத்து வேறு ஆம்பில், என் ஆம்பை ஒரு சிடி பிளேயரில். இரண்டையும் சேர்த்து ஃபோனோவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்கச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “அங்கிள், மெஷின் ஓகேதான். உங்க காதை ஒரு தடவை செக் பண்ணிக்குங்க” என்றார். பின்னால் வரிசையில் நான்கு பேர். தமிழ்ப் பையன் வேறு, என் மகன் வயது. நானும் குரலை உயர்த்தினேன், மறுக்கவில்லை. ‘குறை ஏதும் இல்லை’ என்று ஒரு சீட்டைக் கையில் திணித்தார். அந்தச் சீட்டு இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்று விட்டுப்போனது. லைனில் வைத்தே கேளுங்களேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆம்பில் ஃபோனோ இருக்கிறது என்றுதானே அந்த மாடலுக்கு 200 வெள்ளி கூடக் கொடுத்தேன்? ஆம்பில் மிச்சம் ஒரே ஒரு துளைதான், அதில் என் சிடி பிளேயர் இருக்கிறது.

வீட்டில் தீபாவளியே களையிழந்து போனது. டாக்சி, விடுப்பு, வயர், மூன்று மாத நிம்மதி, எல்லாம் கணக்குப் போட்டால் 5,000 வெள்ளிக்குக் குறையாது. என் மனைவி 60 என்கிறாள். அவளுக்கு இசையில் ஈடுபாடு இல்லை.

சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. டர்ன்டேபிளை மாற்றிக் கொடுங்கள், அல்லது ஸ்விட்சை மாற்றி, என் கண் முன்னால் ஃபோனோவில் போட்டுக் காட்டுங்கள். வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. அதற்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் லெமன் சட்டம் (குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், அங்கிருந்து சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்துக்கும் போவேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. அந்தச் சீட்டையும் கொண்டுபோவேன்.

தயவுசெய்து அதற்கு இடம் வைக்காதீர்கள். இன்னொரு முறை உபிக்கு நான் தூக்கி வரமாட்டேன், நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். வருகிறவர் அந்தப் பையனாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
யீஷூன் வாடிக்கையாளர்
(ரசீது, சேவைச் சீட்டு நகல்கள் இணைப்பில்)