தோப்பு முந்திரியை எதிர்வீட்டுக்குக் கொடுத்த கதை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள விஜயா,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டி வலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்று தெரியும். ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உன் தம்பி கொண்டுவந்த முந்திரிப் பை வந்து சேர்ந்தது. வாசலிலேயே வாங்கி, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. காடாம்புலியூருக்கு வந்ததும் என்னென்ன வத்தி வைத்தானோ! நீ கோபித்துக்கொள்ளாதே. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தபோது நீ அழுததையும், மறுபடி கன்று வைத்து நீ ஆளாக்கியதையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். உன் மரத்துக் கொட்டை எனக்குக் கசக்குமா? என் பேரன் அப்புவுக்கு முந்திரி ஆகாது. வயிறு உப்புவதோ, நாலு இடத்தில் சொறிவதோ இல்லை. உயிருக்கே ஆபத்து.

மாசியில் சித்ரா மகன் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்ததே (நீ வராததை அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள், அது உங்கள் பாடு), அன்றைக்குத்தான் நடந்தது. பந்தியில் அப்பு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சப்பாத்தியைக் குருமாவில் தோய்த்து இரண்டு வாய் தின்றிருப்பான். “ஆயா, நாக்கு அரிக்குது” என்றான். தண்ணீர் கொடுப்பதற்குள் உதடு வீங்கிவிட்டது. வாந்தி. கழுத்திலிருந்து முதுகு வரை பட்டை பட்டையாகத் தடித்து, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். சோப்பு டப்பா என்று நாம் பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே, அவள் ஓடிவந்து, கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுத்திப் போடலாம் என்றாள். என் மாப்பிள்ளை அவளைத் தள்ளிவிட்டுப் பையனைத் தூக்கி ஓடினார். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிஷத்தில் மூச்சு சீரானது. அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பலாம் என்று ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். என் மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்தோம். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, மேலாகக் குத்திப் பார்க்கிறார்கள். முந்திரி விட்ட இடமும் பிஸ்தா விட்ட இடமும் கொசு கடித்ததுபோல் எழும்பின. இரண்டும் ஒரே குடும்பம், அதனால் ஒன்று ஆகாதவர்களுக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாதாம். மாவும் அதே குடும்பம்தான், ஆனால் அவனுக்கு மாம்பழம் ஒன்றும் செய்யவில்லை. மல்லாட்டையும் (வேர்க்கடலை) பரவாயில்லை என்று வந்தது; அது பயறு வகை. ஆக உன் மல்லாட்டை உருண்டை தப்பியது. வரும்போது ஒரு டப்பா கொண்டு வா. ஆனால் மல்லாட்டையை முந்திரி கட்டிய சாக்கில் போடாதே, முந்திரி வறுத்த வாணலியிலும் வறுக்காதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுச் சமையல் எனக்குச் சிரமமாகவே இல்லை. முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரை ஒரு நாள் பிரித்துப் பார். பிளேடுக்கு அடியில், வாஷர் விளிம்பில், வெள்ளையாக ஒரு பசை அப்பிக் கிடக்கும். பழைய பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. அவனுக்கு அந்த அளவே போதும். ஜாரை மாற்றினேன், மர அகப்பையைத் தூக்கிப் போட்டேன். குருமாவுக்குத் தேங்காய், சோம்பு, கசகசாவோடு கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்து அரைக்கிறேன். பொட்டுக்கடலை கூடினால் கூழாகிவிடும்; அரை மூடித் தேங்காய்க்கு ஒரு ஸ்பூன் போதும், கெட்டியாக வரும். பாயசத்துக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போடுகிறேன். கேசரிக்கு வெள்ளரி விதை. என் சம்பந்தியே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், போதுமா?

வீட்டுக்கு வெளியேதான் கஷ்டம். “பொங்கல்ல கிடக்குற முந்திரியப் பொறுக்கிட்டுக் குடேன்” என்கிறார்கள். முந்திரி வறுத்த நெய் பொங்கல் முழுக்க ஓடியிருக்கிறதே, அதை எப்படிப் பொறுக்குவது? வறுத்தாலும் வேகவைத்தாலும் அதிலுள்ள புரதம் போவதில்லை. பேக்கரியில் முந்திரி மக்ரூன் எடுத்த இடுக்கியாலேயே பன்னையும் எடுத்துக் கொடுக்கிறான். ஜூஸ் கடையில் முந்திரி மில்க்‌ஷேக் அடித்த ஜாரைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி அடுத்ததைப் போடுகிறான். பாக்கெட்டில் வருவதாவது பரவாயில்லை. மல்லாட்டை, முந்திரி வகைக் கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால், சோயா, கோதுமை எல்லாம் சேர்ந்திருந்தால் அட்டையில் அச்சிட்டே ஆகவேண்டும் என்று 2020இல் விதி போட்டிருக்கிறார்கள். தராசில் நிறுத்துக் கொடுக்கும் ஸ்வீட்டில் எதைப் படிப்பது?

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். பாசமாகப் பேசுகிறவர்களைச் சமாளிக்க முடியவில்லை, விஜயா. “கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்” என்று சொல்லாத உறவு பாக்கியில்லை. ஒரு பெரியம்மா அவன் வாயருகே காஜு கத்லியைக் கிள்ளிக்கொண்டு போனார்; நான் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். அப்படிப் பழக்குகிற வைத்தியம் இருக்கிறது. தேர்ந்த டாக்டர் கண்காணிப்பில், மில்லிகிராம் கணக்கில் ஆரம்பித்து, ஊசி மருந்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு செய்வது அது. நடு வீட்டில் கிள்ளிக் கொடுப்பது இல்லை.

அப்பு போகிற இடமெல்லாம் ஒரு சிவப்பு டப்பா போகிறது. உள்ளே அட்ரினலின், சிரிஞ்சு, டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த அளவு. தொடையின் வெளிப்பக்கம் எப்படிப் போடுவது என்று மகளுக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அந்த டப்பாவை வைக்கக் கூடாது. அவில் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது அரிப்பை அடக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாதம் நீட்டிய ஐயரிடம், நான் வாய் திறப்பதற்குள், “சாமி, இதுல முந்திரி இருக்கா?” என்று இவனே கேட்டான். ஐந்து வயசுப் பிள்ளை! ஐயர் தொன்னையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. உன் வீட்டுச் சுகன்யா குழந்தைக்கு ஐந்து மாசம் முடியப்போகிறது, அப்புவுக்கு வந்ததைக் கேள்விப்பட்டால் எந்தக் கொட்டையையும் கண்ணில் காட்டமாட்டேன் என்று நீ கிளம்புவாய். வேண்டாம். முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. லண்டனில் கடுமையான கரப்பான் சொறியோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை, 4 மாசத்துக்கும் 11 மாசத்துக்கும் இடைப்பட்டவர்களை, ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மல்லாட்டை கலந்த உணவு, மீதிப் பேருக்கு அறவே இல்லை. ஐந்து வயசில் பார்த்தால், கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மல்லாட்டை அலர்ஜி, கொடுத்தவர்களில் 3 பேருக்குத்தான். 2015இல் வந்தது. அது மல்லாட்டைக்கு மட்டும் பார்த்தது; முந்திரிக்கும் அப்படியே என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயந்துகொண்டு எல்லாவற்றையும் தள்ளிவைக்காதே. கொடுத்தாலும் நைஸாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுக் கொட்டை மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறி இருக்கிறது என்று போன தடவை சொன்னாயே, அதனால் நீயாக எதையும் ஆரம்பிக்காதே. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடம் அந்தச் சொறியைக் காட்டி, மல்லாட்டை எப்போது, எப்படிக் கொடுக்கலாம் என்று சுகன்யாவையே கேட்கச் சொல். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
தேவகி