வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சொட்டு ரத்தம்

தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறைப் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு பதினொன்றரை மணி இருக்கும். எம்எஸ்யுடி (மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ்) என்ற பிறவி நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகப்பன் புதிதாக வந்து சேர்ந்தார். குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "எம்எஸ்யுடி ஃபார்முலா டப்பா யாரிடமாவது ஒன்று இருக்குமா? எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். சாதாரணப் பாலில் இருக்கும் புரதத்தை உடைக்க முடியாத இந்தக் குழந்தைகளுக்கான சிறப்புப் பால்மாவு அது. என்னிடம் முழு டப்பா ஒன்றும், இன்னொன்றில் பாதியும் இருந்தது. முழு டப்பாவைப் பையில் போட்டு வைத்தேன். காலை முதல் பேருந்தில் கொடுத்தனுப்ப என் கணவர் ஓட்டுநர் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே எண்ணிலிருந்து செய்தி வந்தது. "டப்பா வேண்டாம் அக்கா. நன்றி."

அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் குழுவில் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். நம் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அரசு மருத்துவமனையோ தனியாரோ எங்கே பிறந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் குதிகாலில் குத்தி, வடிதாளில் ரத்தம் எடுங்கள். குழந்தைக்கு ஐந்து நாள் ஆவதற்குள் அதன் முடிவு பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். எம்எஸ்யுடி போன்ற பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் என்றால் என்ன, எத்தனை வகை, எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் துறையில் இருப்பவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். அது ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் முதல் பிள்ளை 2017இல் பிறந்தான். சுகப்பிரசவம், 2.9 கிலோ. பிறந்த அன்றே இடது தோளில் பி.சி.ஜி. ஊசி, தொடையில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, வாயில் போலியோ சொட்டு. எல்லாவற்றையும் பொறுப்பாகப் போட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். குதிகாலில் மட்டும் யாரும் குத்தவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

நான்காம் நாள் அவன் பால் குடிப்பது குறைந்தது. அன்று சாயங்காலம் துணி மாற்றிக்கொண்டிருந்த என் அத்தை (மாமியாரும் அவர்தான்) துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏ புள்ள, மூத்திரத் துணியில வெந்தய வாடை அடிக்கி, பாத்தியா?" என்றார். நானும் முகர்ந்தேன். சீனியைக் கருக விட்டு, அதில் வெந்தயம் போட்டதுபோல் ஒரு வாடை. மறுநாள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அத்தை அதையும் சொன்னார். "தாய்க்கு வெந்தயக் களி கிண்டிக் கொடுக்கீங்கல்ல பாட்டி, அதான்" என்றார் அங்கிருந்த செவிலியர். பால் ஊறுவதற்காகத் தினமும் காலையில் எனக்கு வெந்தயக் களிதான். சரி, அதுதான் போலிருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சோடோலோன் என்ற பொருள்தான் இந்த நோய் வந்த குழந்தையின் சிறுநீரிலும் சேர்கிறது. தாய் வெந்தயம் சாப்பிட்டதால் நோயே இல்லாத குழந்தைமேல் இந்த வாடை வந்து, மருத்துவர்கள் எம்எஸ்யுடி என்று சந்தேகப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் அந்தச் செவிலியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லாம் வெந்தயம் மணக்கும் ஊர் இது. இங்கே மூக்கை வைத்து இந்த நோயைப் பிடிக்க முடியாது. ரத்தத்தில்தான் பிடிக்க முடியும்.

ஆறாம் நாள் அவன் குரல் கீச்சென்று மாறியது. கைகால்களை சைக்கிள் மிதிப்பதுபோல் ஆட்டினான். உடம்பு வில்லாகப் பின்னால் வளைந்தது. கொஞ்ச நேரத்தில் துணிபோல் துவண்டுவிடும். கிருமித் தொற்று என்று மருந்து ஏற்றினார்கள். "தாய்ப்பால் கொடுங்கள், தெம்பு வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். உறிஞ்ச முடியாத பிள்ளைக்கு நான் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக விட்டேன். இரவெல்லாம் தூங்காமல் விட்டேன். அவன் ஒரு வாய் விழுங்கினால் எனக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும்.

அந்தப் பாலில் இருந்த புரதம்தான் அவனுக்கு ஆகவில்லை. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை அவன் உடம்பால் உடைக்க முடியவில்லை. உடைபடாத லியூசின் மூளையைத் தாக்கியது. தாய்ப்பால்மேல் பழி இல்லை. இந்த நோய் உள்ள குழந்தைக்கும் அதை அளந்து, ஃபார்முலாவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. நிறுத்து என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஒன்பதாம் நாள் அவன் போனான். தாளில் கிருமித் தொற்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஐயா, அம்மா, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் குழந்தைகள் இருப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். முதல் குழந்தை ஒன்பது நாளில் போய்விட்டதே, இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்று கர்ப்ப காலம் முழுவதும் யாரும் சொல்லவில்லை. இவளும் நான்காம் நாள் பால் குடிப்பதை விட்டாள். வேறொரு மருத்துவமனை, மறுபடியும் கிருமித் தொற்று, மறுபடியும் அதே மருந்து. ஒன்பதாம் நாள் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவரிடம் அத்தை அதே வாடையைப் பற்றிச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. ஒரு பஞ்சுக் குச்சியைக் குழந்தையின் காதில் லேசாகச் சுற்றி எடுத்து, குறும்பியை முகர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு பாலை நிறுத்தச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, வடிதாளில் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வர நான்கு நாள் ஆனது. அதற்குள் வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்து அவளைக் காப்பாற்றிவிட்டார்.

உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. அவளுக்கு இப்போது ஆறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பதினொரு சொல் பேசுகிறாள். ஈரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தால் இந்த நோய் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் முதல் இரண்டு வாரத்தில் மூளையில் போனது திரும்பாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் ஐந்தாம் நாளே பேசியிருந்தால், என் மகள் இன்று பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கக்கூடும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன், குதிகாலில் ஒரு குத்து.

இது அரிய நோய், இதற்காக எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனையா என்று கேட்கலாம். எம்எஸ்யுடி தனியாகப் பார்த்தால் அரியதுதான். உலக அளவில் சுமார் 1,85,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். ஆனால் அதே வடிதாளில், அதே ஒரு சோதனையில், ரத்தத்தில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் டாண்டம் மாஸ் கருவி நாற்பதுக்கு மேற்பட்ட குறைபாடுகளைக் காட்டும். அதே தாளில் பிறவித் தைராய்டு குறைபாட்டையும் பார்த்துவிடலாம். அது இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒன்று. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 8 முதல் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சில ரூபாய் தைராக்சின் மாத்திரையைப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் அந்தக் குழந்தை எல்லாக் குழந்தையையும்போல் வளரும். தொடங்காவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றிப்போகும்.

இது நேற்று வந்த பரிசோதனையும் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, காய்ந்த ரத்தத் துளியில் பினைல்கீட்டோனூரியா என்ற, இதேபோன்ற இன்னொரு பிறவி நோயைக் கண்டுபிடிக்கும் முறையை 1960களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். அறுபது வருடம் ஓடிவிட்டது. கோவா 2008இலேயே அரசுத் திட்டமாகத் தொடங்கியது. பக்கத்தில் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில நோய்களுக்காவது பார்க்கிறார்கள். இங்கே தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இதே பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அதாவது, விவரம் தெரிந்தவரும் பணம் கட்ட முடிந்தவரும் தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தடுப்பூசியில் இப்படி ஒரு பாகுபாட்டை நம் மாநிலம் ஒருநாளும் ஏற்றதில்லை. இதில் மட்டும் ஏன் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்படி ஆனதும், "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று சொல்லாத வாய் இல்லை. மருத்துவர்களும் சொன்னார்கள். நான் என் அத்தை மகனைக் கட்டியவள்தான். எங்கள் இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை மறைந்திருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதைப் புரிந்துகொண்டேன். சொந்தத்தில் கட்டாத பெற்றோருக்கும் இந்தப் பிள்ளைகள் பிறக்கிறார்கள், எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில்தான் மணமுடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் அல்லவா இந்தப் பரிசோதனை முதலில் வந்திருக்க வேண்டும்? பெற்றவளைக் குறை சொல்லத் தெரிகிறது. அவள் பிள்ளையின் குதிகாலில் குத்தத் தோன்றவில்லையே.

கோபமாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபப்படாமல் எழுத முடியாத விஷயம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

மகள் உயிரோடு இருப்பது அந்த மூன்று அமினோ அமிலமும் இல்லாத ஃபார்முலா மாவால். எங்களுக்கு அது வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உளுந்து சேர்ந்த இட்லி, பருப்பு, தயிர் எதுவும் அவளுக்கு ஆகாது. சோற்றைக் கிராம் தராசில் நிறுத்துப் போடுகிறேன். ஜவ்வரிசியில் இட்லி வார்க்கப் பழகிக்கொண்டேன். இதையெல்லாம் செய்துவிடலாம், பழகிவிட்டது. ஃபார்முலா தீர்ந்தால்தான் பயம். அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட லியூசின் ஏறி, அவள் மயங்கிவிடுவாள்.

அரிய நோய்களுக்காகச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யும் மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு சுங்க வரியை முழுதாக நீக்கிவிட்டது. நல்ல விஷயம். அதற்கு மாநில சுகாதார இயக்குநரோ மாவட்ட மருத்துவ அதிகாரியோ சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். முதல் முறை, அப்படி ஒரு உத்தரவே இல்லை என்றார்கள். இரண்டாம் முறை ஆணையின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சத்துமாவுதானே, அதற்கு எதற்கம்மா சான்று?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். மூன்றாம் முறை கையெழுத்துப் போடுபவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்காம் முறை கிடைத்தது. வீட்டில் அன்று இரண்டு நாளுக்கான மாவுதான் இருந்தது.

தேசிய அரிய நோய்க் கொள்கை 2021இல் இரண்டாம் பிரிவு நோய்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சிறப்பு உணவால் கட்டுப்படுத்தக்கூடிய எம்எஸ்யுடி போன்ற நோய்களுக்கு மாநில அரசுகள் உதவி செய்வதைப் பற்றிப் பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது. பரிசீலியுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் பத்து டப்பா இருந்திருந்தால், அந்தத் தகப்பன் நள்ளிரவில் முன்பின் தெரியாத எங்களிடம் வந்து கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் டப்பாவும் சான்றும் அப்புறம்தான். நோய் இருக்கிறது என்று தெரிந்தால்தானே டப்பா. அதனால் மறுபடியும் முதலில் கேட்டதற்கே வருகிறேன். தமிழ்நாட்டில் இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசுப் பதிவில் கொடுக்கும் பிக்மி எண் இருக்கிறது. அந்த எண்ணை வடிதாளில் எழுதினால் போதும். ரத்தம் காய்ந்த தாளை உறையில் போட்டு அனுப்பிவிடலாம். முடிவு சரியில்லை என்றால் வீடு தேடிப் போகக் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். குத்துவதற்கு ஒரு ஊசியும், தாளும், ஆய்வுக்கூடங்களும், அதைவிட முக்கியமாக, முடிவு வந்த அன்றே தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆளும் வேண்டும். எங்கேயோ இரண்டு மாவட்டத்தில் முன்னோடித் திட்டம் என்று தொடங்கி, பத்து வருடம் அதையே நடத்திக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாக் குழந்தைக்கும் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் வேண்டும்.

இதைப் பற்றிப் பேச எங்கள் குழுவிலிருந்து ஐந்து பெற்றோர் உங்களை நேரில் சந்திக்க விரும்புகிறோம். தயவுசெய்து அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். நான் மகளையும் அழைத்து வருவேன். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஃபார்முலா கரைத்துக் கொடுக்க வேண்டும், அதனால் காலை நேரமாக இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய்