வாசல்ல கொட்டின கரி

ஆசிரியருக்கு வணக்கம்,

நிலக்கரிச் சுரங்க மூடல் பத்தின உங்க கட்டுரை படிச்சதும் ஈசிங்டன் ஞாபகம் வந்துடுச்சு. இங்கிலாந்துல டர்ஹம் பக்கம் கடலோர ஊர், அப்பா அங்க டாக்டர், நான் வளர்ந்ததும் அங்கதான். அப்போ சுரங்கத்துல வேலை பாக்கறவங்களுக்கு சம்பளத்தோட கரியும் உண்டு, லாரில வந்து வாசல்லயே கொட்டிட்டு போய்டுவாங்க, அதை அள்ளி உள்ள போடறது பசங்க வேலை, எங்க வீட்டுக்கு கரி கிடையாதுன்னாலும் நானும் போய் அள்ளிட்டு கையெல்லாம் கறுப்பா வந்து அம்மாட்ட திட்டு வாங்குவேன். 1951 சுரங்க வெடிவிபத்துல 83 பேர் செத்த ஊர் அது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக் ஒரு வருஷம் இழுத்துச்சு, பொம்பளைங்க சேர்ந்து சமைச்சு போட்டுதான் பல குடும்பம் தாக்குப்பிடிச்சுது. 1993ல மூடிட்டாங்க. வேலை போனதை எழுதினீங்க சரி, சுரங்கத்துல கரித்தூசியை சுவாசிச்சு, அப்பாட்ட மூச்சு வாங்கிட்டே வந்து உக்காந்த கிழவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?

ஒரு வாசகி, கோவை