வழக்காடியவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஸ்பானியக் காலனியச் சட்டங்கள் குறித்த கட்டுரையை வாசித்தேன். ஸ்பானிய அரசருக்குப் பணியும்படி கோரி 1513-இல் எழுதப்பட்ட 'ரெக்கெரிமியெந்தோ' அறிக்கையை, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குப் புரியாத ஸ்பானிய மொழியில் படித்துக் காட்டிவிட்டு, பணியவில்லை என்று ஸ்பானியர்கள் போர் தொடுத்தார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடுத்த 1542-ஆம் ஆண்டுப் புதிய சட்டங்களை எதிர்த்துப் பெருவில் ஸ்பானியக் குடியேறிகள் கலகம் செய்ய, 1546-இல் அரசரின் பிரதிநிதியான வைஸ்ராயே கொல்லப்பட்டார்.

ஆனால் பூர்வகுடிகள் வாய்மூடி இருந்துவிடவில்லை. கட்டுரையில் நான் தேடியும் கிடைக்காதது அதுதான். 1531-இல் மெக்சிகோவின் வெஹோட்சிங்கோ மக்கள், ஸ்பானிய அதிகாரிகள் தங்களிடம் பறித்த வரியை, சோளம், துணி, ஆட்கள் என ஒவ்வொன்றாகப் படம் வரைந்து வழக்கில் சாட்சியமாக வைத்தார்கள். அந்த ஓவியத் தாள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், திருச்சி