இரண்டாவது தவறையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சதுரங்கச் செய்திகளுக்கு முன்பைவிடக் கூடுதல் இடம் கிடைத்துவருகிறது. பள்ளியிலும் பிறகு எங்கள் ஊர் நூலகத்திலுமாகப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு இது பெரும் மகிழ்ச்சி. ஆனால் ரேபிட், பிளிட்ஸ் ஆகிய விரைவு ஆட்டங்களைப் பற்றிய செய்திகள் 'கைக்கு எட்டிய வெற்றியைக் கோட்டை விட்டார்', 'அதிர்ச்சித் தோல்வி' என்ற இரண்டு தொடர்களோடு முடிந்துவிடுகின்றன. எந்த நகர்வில் தவறு நேர்ந்தது, அப்போது கடிகாரத்தில் எத்தனை விநாடி மீதம் இருந்தது, எதிராளி அதை உடனே கண்டுகொண்டாரா, கண்டுகொண்ட பிறகு அவரும் தடுமாறினாரா என்பவையெல்லாம் விடுபட்டுப்போகின்றன. விரைவு ஆட்டத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓர் ஆட்டக்காரருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ கொடுக்கப்படும் ஆட்டத்தை பிளிட்ஸ் என்று சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் வகுக்கின்றன. உலக பிளிட்ஸ் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 2 விநாடியும் தருகிறார்கள். ஆட்டம் 60 நகர்வுகள் நீண்டால் மொத்தம் 5 நிமிடம், அதாவது ஒரு நகர்வுக்குச் சராசரியாக 5 விநாடி. 2024 உலகச் சாம்பியன் போட்டியில் முதல் 40 நகர்வுகளுக்கு 120 நிமிடம் கொடுத்தார்கள், அதாவது நகர்வுக்கு 3 நிமிடம். இந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து, 'இவ்வளவு பெரிய வீரர் இப்படி ஆடலாமா' என்று கேட்பது நியாயம் ஆகாது.

நேரம் தாராளமாக இருந்த ஆட்டங்களிலேயே நடந்ததைப் பாருங்கள். 2014 நவம்பர் 15 அன்று ரஷ்யாவின் சோச்சி நகரில் உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், நல்ல நிலையில் இருந்த அப்போதைய சாம்பியன், நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் 26ஆம் நகர்வில் தம் ராஜாவை நகர்த்தினார். ராஜா போய் நின்ற கட்டம் தவறானது. எதிராளியான நம் விஸ்வநாதன் ஆனந்தின் குதிரை நடுவில் இருந்த ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால், யானைகள் ஒன்றை ஒன்று எதிர்கொண்டு நிற்கும் நேரத்தில் அதே குதிரை இன்னொரு சிப்பாயையும் செக் கொடுத்தபடியே வெட்டியிருக்கும், ஆட்டம் தலைகீழாகியிருக்கும். காயை வைத்த உடனேயே கார்ல்சனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதிரே அமர்ந்திருந்த ஆனந்த், சற்று முன்பே மனத்தில் போட்டுவைத்திருந்த திட்டப்படி ஓரத்துச் சிப்பாயை முன்னே தள்ளினார், தள்ளிய பிறகுதான் தாம் எதை விட்டோம் என்று கண்டார். ஆட்டம் 38 நகர்வுகளில் கார்ல்சன் பக்கம் முடிந்தது, புள்ளிக்கணக்கு 3.5–2.5 ஆனது. எதிராளியிடமிருந்து பரிசை எதிர்பார்க்காதபோது அது கண்ணில் படுவதில்லை என்ற பொருளில் ஆனந்த் பின்னர் விளக்கினார். என் அனுபவத்தில் இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

அன்றைய ஆட்டத்தில் தவறுகள் இரண்டு. முதல் தவறு எல்லோருக்கும் தெரிகிறது. ஆட்டத்தைத் தீர்மானித்ததோ இரண்டாவது. செஸ் புத்தகங்களில் மோசமான நகர்வுக்கு இரட்டைக் கேள்விக்குறி போடுவார்கள். சோச்சி ஆட்டத்தில் அந்தக் குறி அடுத்தடுத்து இரு பக்கமும் விழுந்தது. செய்தியில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதி ஆட்டத்தைத்தான் எழுதினோம் என்று ஆகும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் சாம்பியன் ஆன பதினான்காவது ஆட்டமும் இதற்கு உறவு. 6.5–6.5 என்று சமமாக நின்ற போட்டியின் கடைசி ஆட்டம் அது. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல் என்றாலும், பார்த்துக்கொண்டிருந்த பெரும்பாலோர் டிரா என்றே எண்ணியிருந்தார்கள். 55ஆம் நகர்வில், அதுவரை சாம்பியனாக இருந்த சீன வீரர் டிங் லிரென் யானையைப் பின்னுக்கு இழுத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழி திறந்தார். யானைகள் போனதும், மூலையில் நின்ற தம் பிஷப்பையும் வெட்டிக்கொள்ள வேண்டிவரும், அதற்குப் பிறகு வெறும் சிப்பாய்களோடு ஆட்டம் தோற்றுவிடும் என்பது அவர் கண்ணில் படவில்லை. அந்த நகர்வின் பொருள் தமக்கும் உடனே தெரியவில்லை, வேறொரு நகர்வை ஆடப்போனதாகவே குகேஷ் பின்னர் கூறினார். அதாவது, இரண்டாவது தவறு சில விநாடிகள் தூரத்தில் காத்திருந்தது. ஆடவிருந்த கையை நிறுத்திப் பலகையை மறுபடி ஒருமுறை பார்த்தாரே, பதினெட்டு வயதுச் சாம்பியனை நான் மெச்சுவது அதற்காகத்தான். 'டிங் தவறியதால் பட்டம் கிடைத்தது' என்று அப்போது எழுதியவர்கள் அந்தச் சில விநாடிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இப்போது நேரலைகளில் பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்குகிறது. கணினி கணக்கிட்டு யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் பட்டை அது. பட்டை ஒரேயடியாகச் சரிந்தால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. பிறகு தேடினால் விடையும் கிடைக்கிறது. ஆட்டக்காரருக்கு அப்படி எந்த மணியும் அடிப்பதில்லை. தேட வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. புதிர்ப் பக்கத்தில் 'இரண்டு நகர்வில் மேட்' என்று அச்சிட்ட நிலையை ஒரு நிமிடத்தில் தீர்க்கும் பிள்ளை, அதே நிலை தன் ஆட்டத்தில் வந்தால் தாண்டிப்போய்விடுவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். பட்டையைப் பார்த்துச் செய்தி எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நூலகத்தில் நடந்த ஐந்து நிமிட ஆட்டம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் ஆடினார்கள். பையனிடம் ஒரு யானை கூடுதல், கடிகாரத்தில் இரண்டு நிமிடம். பெண்ணிடம் நாற்பது விநாடிதான். தன் நேரம் இரண்டு நிமிடம் இருக்க, அவளுடைய நாற்பது விநாடியைத் தீர்த்துவிட வேண்டும் என்று பையன் படபடவென்று ஆடத் தொடங்கினான். விரைவு ஆட்டத்தில் இதைவிட அடிக்கடி நேரும் பிழை இல்லை. எதிராளிக்கு நேரம் குறையும்போது அவருடைய வேகத்துக்கு நாமும் போய்விடுகிறோம். மூன்றாவது நகர்வில் அவளுடைய குதிரை ராஜாவுக்குச் செக் கொடுத்து, கூடவே ராணியையும் பிடித்துக்கொண்டது. ராணி போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பையன் பலகையைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த வெட்டுப்பட்ட ராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. விழித்துக்கொண்டு ஆடிய அடுத்த நகர்விலேயே யானையையும் இழந்தான்.

ஆட்டம் அத்தோடு முடியவில்லை. சிறிது நேரத்தில் பலகையில் பையனுடைய ராஜா தனியாக மூலைக் கட்டத்தில், எதிரே பெண்ணின் ராஜாவும் ராணியும். அவள் கடிகாரத்தில் ஆறு விநாடி. மூலையிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைத்தாள். தனி ராஜா மூலையில் இருக்கும்போது அந்தத் தூரம் ஆகவே ஆகாது. ராஜாவுக்குச் செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா.

அரை மணி நேரம் கழித்து, கடிகாரம் இல்லாமல் இருவரையும் உட்காரவைத்து அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்தோம். "அவ டைமைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் சார், குதிரையைப் பாக்கவே இல்ல" என்றான் பையன். "ராஜாவைக் கிட்டக் கொண்டுவந்துட்டு அப்புறம் ராணியை நகர்த்தியிருக்கணும் சார்" என்று பெண் தானாகவே சொன்னாள். அதற்குள் வாசலில் காத்திருந்த இரு வீட்டாரும், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டுவிட்டாய் என்று அவரவர் பிள்ளையைக் கடிந்துகொண்டார்கள். ஒரே ஆட்டத்துக்காக இரண்டு பிள்ளைகளும் திட்டு வாங்கியதைப் பார்த்து எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் செஸ் செய்திகளும் அந்த மொழியில்தான் பேசுகின்றன.

2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவங்கரில் நேர நெருக்கடியில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையில் குத்திய காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் படம் வந்த அளவுக்கு, நெடுநேரம் கார்ல்சன் கையில் இருந்த ஆட்டம் எப்படிக் கைமாறியது, நெருக்கடியான நிலையில் குகேஷ் எவ்வாறு தாக்குப்பிடித்தார் என்பது எழுதப்படவில்லை. வேதனையும் கோபமும் படத்தில் தெரியும், ஆட்டம் தெரியாது. அதை எழுத்தும் பலகைப் படமும்தான் காட்ட முடியும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விரைவு ஆட்டச் செய்தியை வெளியிடும்போது, ஆட்டம் திரும்பிய நிலையை ஒரு சிறு பலகைப் படமாகவும், அந்நேரத்தில் இருவரின் கடிகாரத்திலும் மீதமிருந்த நேரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். இரண்டு விரற்கடை இடம் போதும். மாவட்ட, பள்ளிப் போட்டிச் செய்திகளில் தோற்ற பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் 'கோட்டை விட்டார்' என்ற தொடரை எடுத்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை தன் பெயரை முதன்முதலாக அச்சில் பார்ப்பது அந்தச் செய்தியிலாகவும் இருக்கலாம். முடிந்தால் வாரம் ஒருமுறை, பெரிய வீரர்களின் ஆட்டமானாலும் சரி, தெரு மூலை ஆட்டமானாலும் சரி, ஒரு தவறும் அதற்கு அடுத்து வந்த தவறுமாக ஒரு நிலையை விளக்கும் சிறு பகுதியைத் தொடங்குங்கள்.

விரைவு ஆட்டத்தில் நகர்வுகளைக் குறித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் மேற்சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மாணவனும் மாணவியும் சேர்ந்து நினைவிலிருந்து முழுமையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வெளியிடாமல் பயன்படுத்திக்கொள்ள இருவரும் அவர்கள் பெற்றோரும் சம்மதம் தெரிவித்துள்ளனர். தாங்கள் விரும்பினால் அடுத்த தபாலிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மயிலாடுதுறை.