அழித்த டேப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றி வை, அதில் புதிதாக எதையும் ஏற்றாதே" என்று மட்டும் சொன்னேன். "எதுக்குப்பா?" என்று கேட்டாய். சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மூன்று வருஷமாகச் செய்து வைத்திருந்த பாட்டுகளில் பாதியை அழித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். "என் பாட்டை எனக்கே கேட்கப் பிடிக்கலைம்மா" என்றாயாம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வானொலியில் ஒலிப்பதிவு வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். திருவானைக்காவலில் ஒரு ஓதுவாரைப் பதிவு செய்யப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. பிராகாரத்தில் தூணோரமாக உட்கார்ந்து அப்பர் பதிகம் ஒன்று பாடினார். மேலே போகும்போது குரல் கரகரத்தது. பாதியில் ஒரு தடவை இருமினார். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் யாரோ பின்னால் குடத்தைத் தவறவிட்டார்கள், கல்தரையில் அது உருண்டுகொண்டே போனது.

நிலையத்துக்கு வந்து போட்டுக் கேட்டேன். இருமலை எடுத்துவிடலாம். டேப்பைச் சாய்வாக, நாற்பத்தைந்து டிகிரியில் பிளேடால் வெட்டி ஒட்டினால் ஒட்டு காதுக்குத் தெரியாது. குடம் அப்படியில்லை, அவர் குரலோடு கலந்துவிட்டது. மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாம் நாள் எனக்குப் பாட்டே கேட்கவில்லை, குடம் மட்டும்தான் கேட்டது. அப்போதெல்லாம் டேப்புக்குத் தட்டுப்பாடு, அழித்துத் திரும்பவும் பயன்படுத்துவோம். இன்னொரு நாள் போய் நல்லபடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நானே அதை அழிக்கிற அடுக்கில் வைத்தேன். யாருக்கும் ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டவில்லை.

தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவர் மகன் என்னைத் தேடி வந்தார். "அப்பா குரல் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க சார், ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார். அவர்கள் வீட்டில் அவர் பாடின ஒரு வரிகூட இல்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை. அந்தக் குடச் சத்தத்தோடேயே அந்தப் பாட்டு இன்றைக்குக் கிடைத்தால் போதும் பாப்பா.

நீ அழித்ததும் அப்படிப்பட்ட பொக்கிஷம்தான் என்று சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதுதான் என் கவலை. ராத்திரி இரண்டு மணிக்கு, ஆறேழு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே எட்டு தாளச் சுற்றை முந்நூறு தடவை கேட்ட காது கொடுக்கிற தீர்ப்பை நான் நம்பமாட்டேன். உன் பாட்டைக் கேட்கப்போகிறவர் அதை முதல் தடவை கேட்பார். அந்த முதல் தடவை உனக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று வாரம் அதைத் தொடாமல் இருந்துவிட்டுக் காலையில் காபி குடித்த கையோடு கேட்டால், கொஞ்சம் கிடைக்கும்.

இன்னொன்று. நீ குரலையும் கருவிகளையும் கலந்து வைத்த மிக்ஸை உடனே வெளிநாட்டுக்காரர்களின் பாட்டோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து நொந்துபோகிறாய். அந்தப் பாட்டு மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகு முடிந்து, சத்தம் ஏற்றி வெளிவந்தது. 1933-லேயே அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியிருக்கிறார்கள்: சத்தம் குறைவாக இருந்தால் நம் காது பேஸையும் உச்ச ஒலிகளையும் சரியாக வாங்காது, சத்தத்தை ஏற்றினால் எல்லாமே நிறைந்து கேட்கும். அதனால் இரண்டு பாட்டில் கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முதலில் அந்தப் பாட்டின் சத்தத்தை உன்னுடைய அளவுக்கு இறக்கு, அப்புறம் ஒப்பிடு. பெரிய ஸ்பீக்கரை மட்டும் நம்பாதே. நாங்கள் எதையும் கடைசியில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்போம். கேட்கிறவர் வயல் வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டுதானே கேட்பார்!

இதெல்லாம் செய்த பிறகும் மனசு ஆறாத பாட்டுகள் இருக்கும். அவற்றில் குறை நிஜம். பொங்கலுக்கு நீ அனுப்பினாயே, தோடி ராகத்தில் கீபோர்டு வைத்துச் செய்தது, அதைப் பற்றி அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். தாளக்கட்டு பிரமாதம். தோடி மட்டும் வரவில்லை. தோடியின் காந்தாரம், அந்த 'க' சுரம், அசைந்தால்தான் தோடி. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் ஓரிடத்தில் நிற்கும், நீ கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைத்தாலும் வளைவு ஒரே மாதிரி வரும். கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உன்னுடையது, அதற்கு எப்படித் திருப்தி வரும்? பத்து தடவை மிக்ஸை மாற்றினாய் என்று அம்மா சொன்னாள். மிக்ஸில் ஒன்றும் இல்லை பாப்பா. அந்த ஒரு வரியை நீயே பாடிச் சேர், இல்லையென்றால் ஒரு வயலின்காரரைக் கூப்பிடு. அப்புறம், இரண்டாவது நிமிஷத்துக்குமேல் ஏகப்பட்டது சேர்ந்துவிட்டது. எனக்கு அந்த முதல் ஒன்றரை நிமிஷம் போதும், அதை இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

இந்தப் பாட்டில் உன் அதிருப்தி உன்னை ஏமாற்றவில்லை, அது சரியாகத்தான் சொன்னது. எங்கே குறை என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொரு காது வேண்டும்.

முன்பு ஒரு தடவை ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸைச் சொல்லி என்னை மடக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? நான்கு தந்திக் கருவிகள் சேர்ந்து வாசிக்கிற குவார்டெட் இருபதுக்கு மேல் எழுதி எழுதி ஒதுக்கிவிட்டுத்தான் 1873-இல் முதல் இரண்டை அச்சுக்குக் கொடுத்தார் என்று. உண்மைதான். நானும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். தன் முதல் சிம்பொனியின் முதல் பகுதியை 1862-இலேயே தன் நெருங்கிய தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பிக் காட்டியிருக்கிறார். மேடை ஏறியது 1876-இல்தான். அந்தப் பதினான்கு வருஷமும் அவர் மனசும் திருப்தி இல்லாமல்தான் இருந்திருக்கும், ஆனாலும் முடிவதற்கு முன்னாலேயே நம்பிக்கையான ஒருத்தரிடம் காட்டத் துணிந்திருக்கிறார். நீ யாரிடம் காட்டினாய்? பொங்கல் பாட்டைக்கூட அம்மா நச்சரித்ததால்தான் அனுப்பினாய்.

சரி, டிஸ்க் விஷயம். டேப்பை அழித்தால் போனது போனதுதான். சுழல்கிற பழைய வகை டிஸ்கில் நாம் அழித்தாலும், அதே இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை உள்ளே இருந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாமாம். இங்கே கம்ப்யூட்டர் கடைத் தம்பியிடம் கேட்டேன். உன்னுடையது அந்தக் கறுப்புப் பெட்டிதானே, நான் வாங்கிக் கொடுத்தது? அது சுழல்கிற வகைதான். கூரியரில் அனுப்பாதே, வழியில் போட்டு உடைப்பார்கள். வியாழக்கிழமை பகல் ரயிலில் நானே பெங்களூரு வருகிறேன். அங்கேயே நல்ல கடையாக ஒன்று விசாரித்து வை, இரண்டு பேரும் சேர்ந்து போவோம்.

எதுவும் கிடைக்காவிட்டால் மிச்சம் இருக்கிற பாதியை உட்கார்ந்து கேட்போம். நீ அடுத்த அறைக்குப் போய்விடு, நான் தனியாகக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன். அம்மா தட்டை சுட்டுக்கொண்டிருக்கிறாள், எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா